எச்.ஓ.வா, என் ஸ்கேலா: பத்துக்குப் பத்து அறையில் எந்த ரயில்?

வீட்டில் மாதிரி ரயில் ஓட்டும் ஆசை யாருக்கு வந்தாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். எச்.ஓ. (HO), என் (N) இரண்டும் மாதிரி ரயில்களின் அளவுகள். எச்.ஓ. என்பது நிஜ வண்டியில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. என் ஸ்கேல் பெரும்பாலும் 160இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மி.மீ. அந்த ஒன்பதுக்கான ஆங்கில, ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துதான் ‘என்’. தமிழில் எழுதும்போது ‘என் ஸ்கேல்’ என்று சொந்தம் கொண்டாடுவது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பாதிதான் சொந்தம். பல வருஷம் எச்.ஓ.வோடு குடித்தனம் நடத்தியவன் நான்.

முதலில் இடக்கணக்கு. நம் எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஓடும் எல்.எச்.பி. வகைப் பெட்டி ஒன்று 23.54 மீட்டர். எச்.ஓ.வில் அது 27 செ.மீ., என் ஸ்கேலில் 15 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. ஒரு இன்ஜின், ஆறு பெட்டி என்று கஞ்சத்தனமாக வைத்தாலே எச்.ஓ.வில் இரண்டு மீட்டர் பிளாட்பாரம் வேண்டும். மற்றதில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். 22 பெட்டியோடு முழு வண்டியையும் ஓட்டிப் பார்க்கும் வெறி இருந்தால் எச்.ஓ. வண்டி ஆறே கால் மீட்டர் நீளும். பத்தடி அறையின் இரண்டு சுவரையும் அணைத்துக்கொண்டு நிற்கும். என் ஸ்கேலில் அதே வண்டி மூன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.

நேர்க்கோட்டைவிட வளைவுதான் வீட்டை விழுங்கும். எச்.ஓ.வில் 18 அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போட்டாலே பலகை மூன்றேகால் அடி அகலம் ஆகிவிடும். எட்டுக்கு நாலு பிளைவுட் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே சக்கரம் வைத்துத் தள்ளியது என் முதல் லேஅவுட். அந்த வளைவில் எல்.எச்.பி. பெட்டி திரும்பினால் நடுவயிறு உள்ளே போகும், முனை வெளியே நீட்டும், பார்க்கச் சகிக்காது. ஜப்பானின் கேட்டோ நிறுவனம் விற்கும் யூனிட்ராக் என்ற என் ஸ்கேல் தண்டவாளத்தில் 282 மி.மீ. ஆர வளைவு கிடைக்கிறது. அந்த வட்டம் இரண்டடி அகலப் பலகையில் உட்கார்ந்துவிடும்.

அசல் தன்மையில் இரண்டுமே நமக்குக் கொஞ்சம் துரோகம் செய்கின்றன. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும், ஓட்டுவதோ 16.5இல். முன்னால் குனிந்து பார்த்தால் இன்ஜின் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். என் ஸ்கேலில் 10.5 வர வேண்டிய இடத்தில் 9. அங்கேயும் ஒடுக்கம்தான், ஆனால் அந்தச் சிறிசில் கண்ணுக்குப் படுவதில்லை. மீட்டர் கேஜ் பைத்தியங்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம்: எச்.ஓ. அளவில் அதற்கு 11.5 மி.மீ. வேண்டும், கடையில் 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது. ஊட்டி ரயிலைச் செய்ய நினைப்பவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். (1க்கு 12.5 ஏற்றத்தை நடுவிலுள்ள பல்சட்டம் இல்லாமல் ஏறவைக்க முயன்றால் பொம்மை இன்ஜினும் வழுக்கத்தான் செய்யும்.)

நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களிடம் என் ஸ்கேலை நான் வற்புறுத்த மாட்டேன். அந்தச் சின்னப் பெட்டியைத் தண்டவாளத்தில் வைப்பதற்கே பூதக்கண்ணாடி தேடும் நாள் வரும். இன்ஜின் எடை குறைவு என்பதால் சக்கரத்தில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் மின்சாரம் அறுந்து நின்றுவிடும். சென்னையில் கடற்காற்று, ஃபேன் தூசி இரண்டும் உண்டு. வாரம் ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்காமல் முடியாது. ஐப்பசியில் ஊறிய பிளைவுட் சித்திரையில் காய்ந்து வளையும். அரை மில்லி பிசகை எச்.ஓ. மன்னிக்கும், என் ஸ்கேல் தடம்புரளும். டி.சி.சி. (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை), ஒலி என்று போனாலும் எச்.ஓ.வின் வயிற்றில் ஸ்பீக்கருக்கு இடம் அதிகம்.

அளவு, வளைவு எல்லாம் வீட்டுக்குள் பார்க்கும் கணக்கு. என்னை மாற்றியது வீட்டுக்கு வெளியே இருக்கும் கூட்டம். எச்.ஓ. வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகும்போது சட்டைப்பெட்டியில் ஒரு இன்ஜினைச் சுற்றி எடுத்துப்போனால் போதும். இந்திய வண்டிகளின் மாதிரிகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் கிடைப்பதால் பேச்சும் அங்கேதான் களைகட்டும். ஒருமுறை என் மின்சார இன்ஜினைப் பார்த்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், “தம்பி, முன்னால இருக்கறத இறக்கி, பின்னால இருக்கற பேன்டோவத் தூக்குங்க” என்றார். பேன்டோ என்றால் இன்ஜின் கூரையில் நின்று மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பேன்டோகிராஃப். அவ்வளவு நாள் தலைகீழாக ஓட்டியிருக்கிறேன். இந்தப் பாடத்தை என் ஸ்கேலில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே பேன்டோகிராஃப் ஒரு மயிரிழை.

ஆனால் நண்பர்கள் சேர்ந்து ஒரே பாதை அமைக்கலாம் என்றால் கதை மாறுகிறது. எச்.ஓ.வில் பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் ஃப்ரீ-மோ என்ற முறை உண்டு. அந்தப் பலகைகளின் முனை இரண்டடி அகலம். கால்கள் வைத்து 50 அங்குல உயரத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு டெம்போ பிடிக்க வேண்டும். என் ஸ்கேலில் ஜப்பானில் பிறந்த டி-டிராக் முறை இருக்கிறது. ஒற்றைப் பலகை 308 மி.மீ. நீளம், மேலே தண்டவாளம் 310. இரு பக்கமும் ஒரு மில்லி நீட்டிக்கொண்டிருப்பதால் பக்கத்துப் பலகையோடு அமுக்கினால் கிளிக் என்று சேர்ந்துவிடும். சாப்பாட்டு மேஜையே ஸ்டேஷன். என் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் இரண்டு பலகை நிற்கும். ஒருத்தர் வயல் கொண்டுவருவார், ஒருத்தர் லெவல் கிராசிங். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆறு வீட்டு நிலம் ஒரே பாதையாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். யார் வீட்டுக்கும் இன்ஜினோடு போகுமுன் அங்கே இரண்டு தண்டவாள முறையா, மூன்று தண்டவாள முறையா என்று கேட்டுவிடுங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த மூன்று தண்டவாள இன்ஜினை என் பாதையில் வைத்த கணமே ஷார்ட். அதன் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு கிடையாது. அளவு இரண்டும் எச்.ஓ.தான்.

தனி அறையும் பொறுமையான வீட்டாரும் இருந்தால் எச்.ஓ. வாங்குங்கள். வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள் என்றால் நாலு டி-டிராக் பலகையோடு தொடங்குங்கள். என் எட்டுக்கு நாலு பிளைவுட் இப்போது பரணில் அட்டைப்பெட்டிகளைத் தாங்குகிறது. எச்.ஓ. இன்ஜின்களை மட்டும் விற்க மனம் வரவில்லை. நண்பர் வீட்டுக்குப் போகும் நாளில் ஒன்றை எடுத்துப் பின் பேன்டோவைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.