பிளாஸ்டிக் எலும்பு செட்: ஊட்டி ஈரத்துக்குத் தாங்குமா?

ஊட்டியில் நர்சிங், ஃபார்மசி முதலாண்டுக்காரர்கள் ஆன்லைனில் வரவழைக்கும், பிராண்டு பேர் இல்லாத ஹாஃப் செட் (பாதி எலும்புக்கூடு) இது. தொடை எலும்பு அருமை. பின்பக்கத்து லீனியா ஆஸ்பெரா என்ற சொரசொரப்பான மேடு விரலுக்கே தட்டுப்படுகிறது. தசை தொடங்கும் இடம் சிவப்பு, முடியும் இடம் நீலம். காறை எலும்பில்தான் கோளாறு. அடிப்பக்கத்து சப்கிளேவியன் பள்ளம் மழுங்கிக் கிடப்பதால் மேல் எது, கீழ் எது என்று பிடிபடாது; அது தெரியாமல் வலதா இடதா என்று எப்படிச் சொல்வது? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எடுத்ததும் கேட்பது அதைத்தான்.

மண்டையோட்டைக் கவிழ்த்து ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள். ஃபொராமென் ஓவேல் என்ற நீள்வட்டத் துளையில் நுழைகிறது. அதற்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கமாக இருக்க வேண்டிய ஸ்பைனோசம் என்ற சின்னத் துளை வெறும் புள்ளி. அதில் நுழைந்து மூளையுறைக்குப் போக வேண்டிய மிடில் மெனிஞ்சியல் தமனி பாவம், எந்த வழியாகப் போகும்!

மணிக்கட்டின் 8 எலும்புகளும் நைலான் நூலில் கோத்தே வருகின்றன. கோத்தபடி படித்தால் அவற்றில் ஒன்றான ஸ்கேஃபாய்டின் மூட்டு முகப்புகள் தெரியாது. அறுத்தால் பட்டாணி போன்ற பிஸிஃபார்ம் தொலையும். மார்க்கரில் எண் போட்டுவிட்டு அறுப்பதே மேல்.

தாடை ஸ்பிரிங் இரும்பு. ஜூலை ஈரத்தில் துருவேறி, கறை பல்வரை இறங்கும். வாங்கியதுமே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். பூஞ்சணத்துக்கு சோப்புத் தண்ணீர் போதும், ஸ்பிரிட் தொட்டால் பெயிண்டும் கையோடு வரும். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும்.