இரவு கேட்க எது: ஏரின் ‘மூன் சஃபாரி’யா, சீரோ செவனின் ‘சிம்பிள் திங்ஸ்’ஸா?

மெதுநடைப் பாப் இசைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்பது ஏர் (Air), சீரோ செவன் (Zero 7) ஆகிய குழுக்களின் இவ்விரண்டு தொகுப்புகளுக்கு இடையேதான்.

நீளம்: பிரான்சின் வெர்சாய் நகரத்து இருவரான ஏர் 1998இல் வெளியிட்ட ‘மூன் சஃபாரி’ சுமார் 44 நிமிடம். லண்டன் இருவரான சீரோ செவனின் ‘சிம்பிள் திங்ஸ்’ (2001) ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

குரல்: முன்னதில் குரலுக்கு இடம் குறைவு, பெத் ஹிர்ஷ் இரண்டே பாடல்களைப் பாடுகிறார், வேறு சிலவற்றில் மனிதக் குரலே வோகோடர் என்னும் மின்னணுக் கருவி வழியாக இயந்திரச் சாயல் பெற்று ஒலிக்கிறது. பின்னதிலோ சியா, சோஃபி பார்க்கர், மோசஸ் ஆகியோரின் குரல்களே தொகுப்பைத் தாங்குகின்றன. (சியா உலகப் புகழ் பெறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய, அடங்கிய குரல் இது, எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.)

ஒலி: ஏழு நிமிடம் நீளும் முதல் பாடலில், வரிகள் ஏதுமின்றி, பேஸ் கிட்டார் ஒரே சுழற்சியில் நகர, அதன்மீது பழைய மின்னணுக் கீபோர்டுகளும் மூக் (Moog) சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியும் ஒவ்வொன்றாக வந்து படிவதைக் கேட்கும்போது, ‘மூன் சஃபாரி’க்கு நல்ல ஹெட்போன் ஏன் தேவை என்பது விளங்கும். ‘சிம்பிள் திங்ஸ்’ சோல் (soul) எனும் கறுப்பின அமெரிக்கரின் உணர்ச்சிமிகு பாட்டிசையின் கதகதப்பு உடையது. சாதாரண ஒலிபெருக்கியே அதற்குப் போதும்.

படிக்கவோ எழுதவோ பின்னணி வேண்டுபவர், சொற்கள் அதிகம் குறுக்கிடாத ‘மூன் சஃபாரி’யை எடுக்கலாம். விளக்கணைத்துப் படுத்தபடி ஒரு குரலின் துணையை நாடுபவருக்குச் ‘சிம்பிள் திங்ஸ்’ பொருந்தும்.