முதுகு சீவிய மூங்கில் பட்டையை வில்லுக்கு வாங்காதீர்கள்

மர வில் செய்கிறவர்களும் செய்யப்போகிறவர்களும் வில்லின் முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், ஒட்டுகிற மெல்லிய பட்டைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "வில்லின் முதுகில் ஒட்டுவதற்கென்றே தயாரித்தது, நன்றாக முற்றிய மூங்கில்" என்று இணையத்தில் விற்ற ஒருவரிடம் ஆறடிப் பட்டை ஒரு சோடி வாங்கினேன். 1,800 ரூபாய், கூரியர் தனி. இருபுறமும் தட்டையாக, வழவழவென்று, தேன் நிற வார்னிஷ் அடித்து வந்தது. பார்க்க அழகுதான்.

அதில் ஒன்றைத் தடசு என்கிற மரத்தின் பலகையில் ஒட்டி, பிசின் நன்றாகக் காய்ந்த பிறகு, நாண் ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துச் சீர்செய்துகொண்டிருந்தேன். பாதி இழுப்புகூட வரவில்லை. வில்லின் மேல் பாதியில் ஒரு கணுவில் சிலாம்பு எழும்பியது, அடுத்த நொடி வில் முறிந்தது. தெறித்த துண்டு பக்கத்தில் நின்ற அண்ணன் மகனின் தோளை உரசிக்கொண்டு போனது. பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. கண்ணில் பட்டிருந்தால்?

விற்றவரிடம் கேட்டதற்கு, "நீங்கள் அதிகமாக இழுத்திருப்பீர்கள், பணம் திரும்பத் தர முடியாது" என்று பதில் வந்தது. கணுக்களை ஏன் சீவினீர்கள் என்று கேட்டேன். "அப்போதுதான் ஃபினிஷிங் நன்றாக இருக்கும்" என்றார். வில்லுக்கென்று விற்கிறவர் சொல்லக்கூடிய பதிலா இது?

வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்க்கும் முதுகுப் பக்கம் இழுபடுகிறது, நம்மைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் அழுந்துகிறது. இழுவையைத் தாங்கத்தான் முதுகில் பட்டை ஒட்டுகிறோம். மூங்கிலில் அந்த பலம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நார்க்கற்றைகள் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும். உள்ளே போகப் போக இடைவெளி கூடி, சோற்றுப் பகுதிதான் மிஞ்சும். ஆகவே தடிமனைக் குறைக்க வேண்டுமானால் உள்பக்கத்தில் மட்டுமே இழைக்க வேண்டும். கணு மேட்டை மட்டமாகச் சீவினால் சரியாக அந்த இடத்தில் நார் அறுந்துபோகும்.

மிச்சமிருந்த பட்டையின் வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தேன். தோல் துளிகூட இல்லை. நுனியை வெட்டி பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒரு ஓரத்தில் அடர்த்தியாகத் தெரியவேண்டிய கரும்புள்ளிகள் (நார்க்கற்றைகளின் வெட்டுமுனைகள்) அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அதாவது எனக்கு வந்தது மூங்கிலின் உள்பகுதி.

தட்டையாக இருப்பதே பெரிய அடையாளம். 12 செ.மீ. விட்டமுள்ள பெரிய மூங்கிலில் 3.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டை எடுத்தாலும் அதன் நடு, ஓரங்களைவிட சுமார் 2.5 மி.மீ. மேடாக இருக்கும். 5 செ.மீ. கழி என்றால் 7 மி.மீ. மேடு. அந்த மேடு இல்லையென்றால் தோலைச் சீவிவிட்டார்கள் என்றுதான் பொருள். அதனால் பருமனான மூங்கிலில் எடுத்த, தோலும் கணுவும் அப்படியே இருக்கிற, வார்னிஷ் அடிக்காத பட்டையாகக் கேளுங்கள். வெட்டுமுனையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

மூங்கிலுக்குப் பதிலாக ஹிக்கரி போன்ற உறுதியான மரத்தில் அறுத்தெடுத்த பட்டை வாங்குகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அங்கே பார்க்கவேண்டியது நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறதா என்பதை. நடுவில் ஓரத்துக்கு இறங்கி ஓடினால் சிலாம்பு எழும்புவது அந்த இடத்தில்தான். வார்னிஷோ சாயமோ பூசிய பட்டையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நம் நாட்டில் தேசியப் போட்டிகளிலேயே இந்தியன் ரவுண்ட் என்று மூங்கில் வில்லுக்குத் தனிப் பிரிவு உண்டு. 50, 30 மீட்டரில் எய்வார்கள். பிள்ளைகள் நிறையப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் கைக்கும் இந்த மாதிரிப் பட்டை போய்ச் சேரலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.

ஏற்கெனவே இப்படித் தட்டையான பட்டையை ஒட்டி வில் செய்துவிட்டவர்கள் தயவுசெய்து இப்போதைக்கு நாண் ஏற்ற வேண்டாம். முதலில் கணு இருக்கும் இடங்களில் வார்னிஷைச் சுரண்டி, தோல் இருக்கிறதா என்று பாருங்கள்.