ஸ்லைஸை எங்கே பிடிப்பது: கைப்பிடியிலா, வீச்சுப் பாதையிலா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஞாயிறு காலை ஒரே காரில் கோல்ஃப் ஆடப் போகும் எங்கள் நால்வரில் மூவருக்கு ஒரே வியாதி. நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்து அடித்தால் பந்து நேராகக் கிளம்பி, பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடும். இதுதான் ஸ்லைஸ். மூவரும் வலக்கைக்காரர்கள். ஆனால் வைத்தியம் ஆளுக்கொன்று. நான் கைப்பிடியை, அதாவது மட்டையைப் பிடிக்கும் விதத்தை, மாற்றினேன். ஒரு நண்பர் வீச்சுப் பாதையை, அதாவது மட்டை பந்தை நோக்கி வீசிவரும் வழியை, மாற்றினார். இன்னொருவர் புது டிரைவர் வாங்கினார். ஓராண்டு பக்கத்தில் நின்று பார்த்த பிறகும் நான் கைப்பிடியின் கட்சிதான்.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மோதும் கணத்தில் மட்டைமுகம் பார்க்கும் திசை. டிரைவரில் இதன் பங்கு முக்கால்வாசிக்கும் மேல். பிறகு பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பது, முகத்துக்கும் வீச்சுப் பாதைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்தது. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்தும் வலப்பக்கம் வளையும். முகத்தின் சாய்வு குறைந்த மட்டையில் இந்த வளைவு பெரிதாகத் தெரியும். அதனால்தான் சாய்வு அதிகமுள்ள 9ஆம் எண் அயர்ன் மட்டையில் அடங்கியிருந்த குறை டிரைவரில் வெளியே வருகிறது. எதையும் மாற்றும் முன், மட்டைமுகத்தில் பாதங்களுக்குப் போடும் பவுடரைத் தெளித்து நாலைந்து பந்து அடித்துப் பாருங்கள். அடி மட்டையின் கழுத்துப் பக்கமே, அதாவது தண்டு தலையோடு சேரும் பக்கமே, விழுகிறதென்றால் அதுவே பந்தை வலப்பக்கம் சுழற்றிவிடும். அப்படியானால் முதலில் பந்துக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

எங்களில் நான்காமவர் எழுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் மாமா. ஒருநாள் என்னிடம், "தம்பி, அந்தக் கையுறையைக் கொடு பார்க்கலாம்" என்றார். உள்ளங்கையின் அடிப்பகுதியில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. "மட்டையை உள்ளங்கையில் வைத்திருக்கிறாய். விரல்களுக்குக் கொண்டுவா." அவ்வளவுதான் சொன்னார். விரல்களில் பிடித்து, மேலிருந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு மூன்று கணுக்கள் தெரியும்வரை கையை வலப்பக்கம் திருப்பினேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கோடு வலத்தோளைக் காட்ட வேண்டும். இப்படிப் பிடித்தால் முகம் தானாக மூடி வருகிறது, மணிக்கட்டை வலிந்து திருப்ப வேண்டியதில்லை.

இதற்கு விலை உண்டு. மூன்று வாரம் என் பந்துகள் வளையாமல் இடப்பக்கமாகவே பறந்தன. முகம் மூடிவிட்டது, பாதை இன்னும் பழையபடி இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பலரும் இந்த இடத்தில் பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள். ஸ்லைஸ்காரர் மட்டையை இடப்பக்கமாகக் குறுக்கே வெட்டுவதே, வலப்பக்கம் போகும் பந்தை இழுத்துப் பிடிக்கத்தான். பந்து இடப்பக்கம் போகத் தொடங்கினால் உடம்புக்கு அந்த வெட்டு தேவைப்படாது. என் பாதை பாதியளவு தானாகவே திருந்தியது இப்படித்தான்.

நண்பரின் வழியும் தவறில்லை. பந்துக்கு வெளிப்பக்கம் சற்றுப் பின்னால் மட்டையின் உறையை வைத்து, அதைத் தொடாமல் உள்ளிருந்து வெளியே வீசப் பழகினார். ஆனால் முகம் திறந்தே இருந்ததால் வளைவு குறைந்ததே தவிர, பந்து கிளம்பும்போதே வலப்பக்கம் கிளம்பியது. பாதை தோளிலும் இடுப்பிலும் பிறக்கிறது. கைப்பிடியைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம், பாதையை அப்படிப் பார்க்க முடியாது. வாரம் ஒருநாள் ஆடுபவருக்கு இது நெடும்பயணம். நடுவில் நண்பர் ஜோகன்னஸ்பர்க் போய் ஆடிவிட்டு, "குணமாகிவிட்டது" என்று தொலைபேசியில் மகிழ்ந்தார். அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் பந்து நெடுந்தூரம் போகும், குறைவாக வளையும். டர்பனின் கடற்காற்றில் மறுவாரமே பழைய வளைவைப் பார்த்தார்.

புது டிரைவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடையைக் கழுத்துப் பக்கம் நகர்த்தினால், அல்லது கழுத்தைத் திருப்பி முகச் சாய்வைக் கூட்டினால், வளைவு சில மீட்டர் குறையும். காட்டுக்குள் போன பந்து காட்டின் ஓரத்தில் நிற்கும். அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் பல மணிநேரம் கற்கலாம்.

இடப்பக்கம் குறிவைத்து வளைவோடு வாழ்வதைப் போட்டி நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை இடப்பக்கம் திருப்பி நிற்க நிற்கப் பாதை இன்னும் இடப்பக்கம் போகும், ஸ்லைஸ் கூடும். தென்னாப்பிரிக்க வீரர் பாபி லாக் வாழ்நாள் முழுக்க வலப்பக்கம் குறிவைத்து இடப்பக்கம் வளைத்து, 1949, 1950, 1952, 1957 ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார் என்பது உண்மை. ஆனால் அவருடைய வளைவு ஒவ்வொரு அடியிலும் அவர் சொன்னபடி கேட்டது. நம் ஸ்லைஸ் ஒருநாள் பத்து மீட்டர், மறுநாள் நாற்பது.

கைப்பிடியே முதல் என்று டர்பனில் சொன்னால், யாராவது இந்த ஊர் இந்திய வம்சாவளி வீரர் பாப்வா செவ்கோலத்தின் பெயரை எடுப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். வலக்கைக்காரரான அவர் இடக்கையைக் கீழே வைத்து, எல்லோரும் பிடிப்பதற்கு நேர் எதிராகப் பிடித்தார். அந்தப் பிடியோடு டச்சு ஓப்பனை மூன்று முறை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, இனவெறிச் சட்டத்தின் காரணமாக மன்றக் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக வளர்ந்த சிறுவயதிலிருந்து அவர் கைகள் அந்தப் பிடியிலேயே பழகி, மோதும் கணத்தில் முகத்தை நேராகக் கொண்டுவந்தன. ஆகவே அவர் என் கட்சிக்கு எதிர்ச்சாட்சி ஆகமாட்டார். பிடி புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டியதில்லை, முகத்தை நேராகக் கொண்டுவந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பந்து இடப்பக்கம் வளையும் ஹூக் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு இடக்கையை மேலும் திருப்பிவிட வேண்டாம். அவர்கள் அதை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும், அதுவும் ஒரு கணு அளவுக்கு மட்டும்.