மஞ்சள் காட்டில் டிரைக்கோடெர்மா: ஆறு ஆண்டு அனுபவம்

பக்கத்துக் காட்டுத் தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணா, கிழங்கு அழுகலுக்கு டிரைக்கோடெர்மாவை நம்பி இறங்கலாமா?" நோய்ப் பூஞ்சாணங்களை அடக்கும் ஒரு நல்ல பூஞ்சாணம் அது, பொடியாகக் கடையில் கிடைக்கும். கடையில் வாங்கி இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை.

ஈரோட்டுப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் மஞ்சள். நான் பொடியை நேராக வயலுக்குக் கொண்டுபோவதில்லை. மக்கிய எருவோடும் வேப்பம் புண்ணாக்கோடும் கலந்து, தண்ணீர் தெளித்து, மர நிழலில் ஈரச் சாக்கால் மூடிப் பத்து நாள் விட்டுவிடுவேன். முதல் ஆண்டு சாக்கைத் தூக்கியபோது எருக்கட்டிகளின் மேல் பாசி பிடித்தது போலப் பச்சை படர்ந்திருந்தது. குனிந்து முகர்ந்தேன், சாணி வாடை அடங்கி, அப்போதுதான் உடைத்த தேங்காயின் வாசனை வந்தது. மனைவியைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அந்தப் பூஞ்சாணமே சுரக்கும் பொருளின் வாசனை அது என்றும், நோய்ப் பூஞ்சாணங்களை அடக்குவதில் அதற்கும் பங்குண்டு என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன்பெல்லாம் ஐப்பசி மழை என்றாலே பயம். இலை ஓரம் காயும், தூர் நீர்கோத்துக் குழையும், இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும். தோண்டினால் கிழங்கு பழுப்பேறிக் கிடக்கும். அந்த நிலைக்கு வந்த பயிரை இந்தப் பொடி காப்பாற்றாது. நோயை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிரி முந்துவதற்குள் இது வேரைச் சுற்றிக் குடியேறிவிட வேண்டும். அப்படிக் குடியேறிவிட்டால் பித்தியத்தின் இழைகளை வளைத்துப் பிடித்துக் கரைத்துத் தின்றுவிடும். ஐந்து ஆண்டுகள் அழுகல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

சென்ற வைகாசியில் பத்தாம் நாள் சாக்கைத் தூக்கினேன். பச்சையும் இல்லை, வாசனையும் இல்லை. வெறும் எரு. பொட்டலத்தில் காலாவதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வாங்கிய கடையில் போய்ப் பார்த்தால், மேற்கு வெயில் விழும் வாசலில் யூரியா மூட்டைகளுக்கு மேல் பெட்டியோடு கிடக்கிறது! டால்க் பொடியில் கலந்த இந்தப் பூஞ்சாணம் நிழலில் வைத்தாலே நான்கு மாதம்தான் தாங்கும். கிராமுக்கு 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. செத்துப்போனாலும் பொடியின் நிறம் மாறாது, விலையும் குறையாது. நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? "கார்பெண்டசிம் கொஞ்சம் சேர்த்துக் கலக்குங்கள், நன்றாகக் கேட்கும்" என்றும் அந்தக் கடைக்காரர் சொன்னார். அது பூஞ்சாணக்கொல்லி மருந்து, டிரைக்கோடெர்மாவையே கொன்றுவிடும்.

கீழ்ப்பாத்திகள் அழுகிப்போயின. அங்கே வடிகால் சரியில்லை என்பதும் உண்மை. பழி முழுவதையும் பொட்டலத்தின் மேல் போட மாட்டேன். ஆனாலும் தம்பியிடம் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை: அந்தக் கடைகளில் வாங்க வேண்டாம். இந்த முறை தயாரிக்கும் இடத்துக்கே போய், அந்த வாரத்துப் பொடியாக வாங்கி வரப்போகிறேன். என் சாக்கில் பச்சை பிடித்தால் அவரே வந்து நான்கு கூடை எரு அள்ளிக்கொண்டு போகட்டும்.