வாட்டர் பம்ப்பில் 9,400 ரூபாய் போயிற்று: பழைய காருக்கு இன்ஜின் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

கழற்றிய வாட்டர் பம்ப், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், மேசைமேலேயே கிடக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. போனது 9,400 ரூபாய். அது பம்ப்புக்கு மட்டும்.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாதி வேலை மோட்டார் பம்ப் செய்கிறவர்களுக்குத்தான்: ஷாஃப்ட் கடைவது, இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) வார்ப்புக்குத் துளை போடுவது. தெருவுக்குத் தெரு பம்ப் செய்யும் ஊரில், பம்ப்பை நம்பிச் சோறு தின்கிறவன், ஒரு பம்ப் வாங்கி ஏமாந்து நிற்கிறேன். வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கார் அப்பாருடையது. 1984 அம்பாசிடர் மார்க் 4. பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டர்களை மூன்று முறை கடைந்து போர் செய்தாயிற்று. சிலிண்டருக்குள் புது உறை (ஸ்லீவ்) போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றார்கள், எனக்கு மனமில்லை. 1990களின் தொடக்கத்தில் அதே அம்பாசிடரில் வந்த 1817 சி.சி. இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஈரோட்டுப் பக்கம் ஒருவரிடம் கிடைத்தன. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. வாட்டர் பம்ப்பின் பேரிங் மட்டும் போயிருந்தது. விசிறியைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது.

இங்கேதான் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்ஜின் மாற்றும்போது பம்ப்பின் மூக்கு நீளம் உயிர்நாடி. பம்ப் இன்ஜினோடு சேரும், கேஸ்கெட் உட்காரும் முகத்திலிருந்து ஹப்பின் முகம் வரை உள்ள அளவைச் சொல்கிறேன். விசிறி அந்த ஹப்பில்தான் இருக்கிறது. என் காரில் விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம்கூட இல்லை. மூக்கு கொஞ்சம் நீண்டால் விசிறி ரேடியேட்டரைச் சீவிவிடும், குறைந்தால் புல்லி நேர்கோட்டில் நிற்காமல் பெல்ட்டைத் தின்றுவிடும். குட்டை மூக்குப் பம்ப் போட்டு, எலக்ட்ரிக் விசிறியைத் தனியாக வைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அப்பாரு காரில் பேனட்டைத் திறந்தால் பெல்ட்டில் ஓடும் விசிறிதான் தெரிய வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்டது. உள்ளூர்க் கடைகளில் தேடி அலுத்து, பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தைக்குப் போனேன். அதில் கடை வைத்திருக்கும் ஒருவர் "புதியது, பெட்டி பிரிக்காத பழைய இருப்பு, வார்ப்பிரும்பு இம்பெல்லர்" என்று போட்டிருந்தார். பெயர்களை எழுதவில்லை, புகார் நடக்கும்போது எழுதாதே என்று வக்கீல் மச்சான் சொல்லியிருக்கிறார்.

நம்பிய இடம் எது என்று இன்னும் யோசிக்கிறேன். விற்றவர் வீடியோ அழைப்பில் வந்தார். நான் கேட்காமலேயே வெர்னியர் காலிப்பரை எடுத்தார். பம்ப்பைத் துணியால் துடைத்துச் சமதளத்தில் வைத்து, தாடையை அழுத்தாமல் மெல்ல மூடி, மூக்கு நீளத்தை அளந்து காட்டினார். போல்ட் துளைகளின் இடைவெளியையும் அளந்தார். கருவியை அப்படிப் பிடிக்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று என் கை நினைத்தது. மூளை அப்போது எங்கே போயிருந்ததோ. பிறகு ஷாஃப்ட்டைச் சுற்றி, போனைப் பக்கத்தில் கொண்டுபோய், "சத்தம் வருகிறதா பாருங்கண்ணா. நீங்கள் பம்ப் ஊர்க்காரர், உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோய் 9,400 ரூபாயைக் கட்டினேன்.

வந்த பம்ப்பில் அளவெல்லாம் சரியாகவே இருந்தது. பட்டறையில் அவசர வேலை. முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மாட்டியபின் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. "பார்த்தாயா, எவ்வளவு சுத்தம்" என்று மெக்கானிக்கிடம் பெருமைப்பட்டேன். காந்திபுரம் சிக்னலில் நின்றால் மட்டும் வெப்பமானி முள் மேலே ஏறும், வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கும். ரேடியேட்டர் அடைப்பு என்று நினைத்து அதைக் கழுவ 1,200 செலவழித்தேன்.

பத்தொன்பதாம் நாள், கோபியில் ஒரம்பரை வீட்டுக் கல்யாணம். அன்னூரைத் தாண்டி, புளியம்பட்டிக்கு முன்னால், ஊறாத அரிசியைக் கிரைண்டரில் போட்டது போல ஒரு சத்தம். ஓரங்கட்டுவதற்குள் பேரிங் உடைந்து, விசிறி சாய்ந்து ரேடியேட்டரில் பாய்ந்துவிட்டது. பச்சைக் கூலன்ட் சாலையெல்லாம் ஓடியது. பட்டுச் சேலையோடு அம்மா புளியமரத்து நிழலில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். ஹெட் கேஸ்கெட்டும் போயிற்று.

கழற்றிப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. வெள்ளிப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் துரு தின்ற குழிகள். எவனோ ஓட்டித் தீர்த்த பம்ப். வார்ப்பிரும்பு இம்பெல்லர் இருக்க வேண்டிய இடத்தில் தகட்டை வளைத்துச் செய்த ஒன்று. அதற்கும் உடலுக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. என் பழைய பம்ப்பில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது இது தண்ணீரைத் தள்ளாமல் சும்மா கலக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சிக்னலில் முள் ஏறியதற்குக் காரணம் அதுதான்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. வாட்டர் பம்ப்பில் தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியே வெளியே சொட்டி நமக்குச் சொல்லிவிடும், பேரிங்குக்குள் போகாது. அந்தத் துளையை எபாக்சி பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். ஊசியால் குத்தியபோது பசை கட்டியாகப் பெயர்ந்து வந்தது. சொட்டவில்லை என்று நான் பெருமைப்பட்ட பத்தொன்பது நாளும் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு நடந்த பேச்சைக் கேளுங்கள். விற்றவர் முதலில் "ஏர் லாக் ஆகியிருக்கும் அண்ணா" என்றார். பிறகு "போர் தண்ணீர் ஊற்றினீர்களா?" என்றார். எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டாலே பால் திரிந்துவிடும், அதைக் காரில் ஊற்றுவேனா? பாதிக்குப் பாதி கூலன்ட் ஊற்றிய ரசீதை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து "முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்." நானும் கல்யாணத்துக்குத்தான் போனேன், போய்ச் சேரவில்லை.

இணையச் சந்தையின் வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை என் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். திருப்பி அனுப்பும் காலம் பத்து நாள், அது முடிந்துவிட்டது. மேலும், பொருத்திய பொருளுக்குப் பணம் திரும்பாது. பொருத்தாமல் வாட்டர் பம்ப்பை எப்படிச் சோதிப்பது, வாளித் தண்ணீரிலா என்று கேட்டேன். புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். 9,400 ரூபாய் தீர்ந்தது, அதைச் சொல்கிறார்கள் போலும்.

கடைசியாக விற்றவரே கூப்பிட்டார். "நீங்கள்தான் பம்ப் ஊர்க்காரர் ஆயிற்றே, நீங்களே சரிசெய்துகொள்ளலாமே!" விற்கும்போது சொன்ன அதே வார்த்தை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தேன், அதே பம்ப் படம் மறுபடியும் விற்பனையில் இருக்கிறது. விலை மட்டும் 9,900 ஆகியிருக்கிறது.

பம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். பின்பக்கத்தைப் பாருங்கள், இம்பெல்லரில் காந்தத்தை வையுங்கள், பெயின்ட்டைச் சுரண்டுங்கள். காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்து வார்ப்பிரும்பு என்று நம்பிவிடாதீர்கள், இரும்புத் தகட்டிலும் ஒட்டும். அடித்துளையில் ஊசி நுழைகிறதா பாருங்கள். தட்டையான பல் பெல்ட்டுக்கு மாற்றுகிறவர்கள் பம்ப் எந்தப் பக்கம் சுழலும் என்று பாருங்கள், பெல்ட்டின் முதுகு ஓட்டினால் எதிர்ப்பக்கம் சுழலும். பழைய பம்ப்பைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அதற்கு பேரிங்கும் சீலும் மாற்றியிருந்தாலே போதும்.

தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாற்றுவது எல்லாம் இன்னொரு நாள். ரேடியேட்டர்காரர் கூப்பிடுகிறார். அதற்கு 6,500 கேட்கிறார்.