பத்து போர்ட் சாட்டா கார்டு: ஆடி மாதம் முழுக்க என்னை அலைக்கழித்தது

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால், பத்து வருட வேலைகளையும் ஒரே மெஷினில் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். போன வருடம் ஒரு அம்மா, மகள் கல்யாண வீடியோ இன்னொரு காப்பி கிடைக்குமா என்று வந்தார். இறந்துபோன கணவரின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறதாம். அன்றைக்கு எடுத்த முடிவு இது.

ஹார்டு டிஸ்க்குகளை மாட்டும் சாட்டா போர்ட்டுகள் மதர்போர்டில் இருந்தவை போதவில்லை. ஆன்லைனில் 1,950 ரூபாய்க்குப் பத்து போர்ட் கார்டு ஒன்று வாங்கினேன். பெட்டியில் கம்பெனிப் பெயரே இல்லை. நாலு 4 டிபி டிஸ்க்கை முதல் நாலு போர்ட்டில் மாட்டினேன். டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) பூட் ஆனது, நாலும் தெரிந்தன. காப்பி ஓட ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் ஒரு டிஸ்க் காணாமல் போனது. சிஸ்டம் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் கர்னல் லாகில் 'ஹார்டு ரீசெட்டிங் லிங்க்' என்று, அதாவது டிஸ்க்கோடு தொடர்பை அறுத்து மறுபடி இணைக்கப் பார்ப்பதாக, வரிசையாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மற்ற மூன்றும் போயின.

முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 199 என்ற எண்ணுள்ள வரியின் கணக்கு, கேபிளில் டேட்டா சிதைந்து வந்தால் ஏறும். ஏறியது ஒருநாளும் இறங்காது. ஒரு டிஸ்க்கில் அது 41-லிருந்து 57 ஆகியிருந்தது. கேபிளை மாற்றியதும் 57-லேயே நின்றுவிட்டது. ஆனால் டிஸ்க்குகள் விழுவது நிற்கவில்லை. அடுத்து பவர். ஒரே ஸ்ப்ளிட்டரில் நாலு டிஸ்க்கும் தொங்கியதைப் பிரித்து, எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் பெட்டி) இரண்டு தனி வயர்களில் கொடுத்தேன். அதற்கும் அசையவில்லை. அதே டிஸ்க்குகளை மதர்போர்டில் மாட்டினால் ராத்திரி முழுக்க ஒரு பிழை இல்லை.

விற்றவரிடம் கேட்டால், "டிஸ்க் பழசு சார், மாத்திப் பாருங்க" என்றார். அதில் இரண்டு டிஸ்க் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

விஷயம் பிடிபட்டது இப்படித்தான். கார்டில் ஒரே ஒரு டிஸ்க் மாட்டினேன்: ஓடியது. 1, 2 என்று பக்கத்துப் பக்கத்து போர்ட்டில் இரண்டு: இருபது நிமிஷத்தில் விழுந்தது. அதே இரண்டையும் 1-லும் 6-லும் மாட்டினேன்: விடியும்வரை ஓடியது! பூட் லாகை மறுபடி நிதானமாகப் படித்தபோது 'போர்ட் மல்டிப்ளையர்' என்ற வரி இரண்டு இடத்தில் இருந்தது, முன்னால் போர்ட் எண்ணோடு '.15' என்று. அதாவது கார்டின் கன்ட்ரோலர் சிப்பில் உள்ளது இரண்டே போர்ட். ஒவ்வொன்றையும் ஒரு மல்டிப்ளையர் சிப் ஐந்தாகப் பிரித்துக் காட்டுகிறது. ஐந்து டிஸ்க்குக்கும் ஒரே பாதை என்பதால், ஒன்று தடுமாறி அந்தப் பாதை ரீசெட் ஆனால் கூட இருப்பவையும் மாட்டிக்கொள்கின்றன. போதாததற்கு, பத்து போர்ட்டும் சேர்ந்து போய் இறங்குவது மதர்போர்டோடு கார்டை இணைக்கும் பிசிஐஇ 2.0-வின் ஒற்றை லேனில் (டேட்டா போகும் ஒரு தடம்). அதன் கொள்ளளவே விநாடிக்கு 500 எம்பி.

டிஸ்க்குக்குப் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் கொடுக்கும் வசதியான என்சிக்யூவை, லினக்ஸின் பூட் வரியில் நிறுத்திப் பார்த்தேன் ('libata.force=noncq' என்று கொடுக்க வேண்டும்). விழுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. எப்போதோ ஒருமுறை விழும் கார்டை நம்பி அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கார்டும் டிஸ்க்கும் தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்தால் மட்டும் முரண்டுபிடிப்பது புதிதும் இல்லை. சாட்டா வந்த காலத்திலேயே சிலிக்கன் இமேஜ் 3112 சிப்பும் சில சீகேட் டிஸ்க்குகளும் ஒத்துப்போகவில்லை. லினக்ஸ் டிரைவரில் அந்த டிஸ்க் மாடல்களின் பட்டியலே இருக்கிறது. அவை வந்தால் டிரைவர் ஒரு தடவைக்கு 15 செக்டருக்கு (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சிறு துண்டு) மேல் அனுப்பாது. வேகம் போனாலும் டேட்டா பிழைக்கும். அதனால் 'டிஸ்க் பழசு' என்று யாராவது சொன்னால் உடனே டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியில் 3,100 ரூபாய்க்கு ஏஎஸ்எம் 1166 சிப் உள்ள ஆறு போர்ட் கார்டு வாங்கினேன். ஆறும் அந்த ஒரே சிப்பிலிருந்து நேராக வருகின்றன, மல்டிப்ளையர் கிடையாது. பிசிஐஇ 3.0, இரண்டு லேன். வாங்குவதற்கு முன் சிப் பெயரைக் கேளுங்கள், போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பெயரைச் சொல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். பழைய கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால், 1-லும் 6-லும் ஒவ்வொன்றாக இரண்டு டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுக் கார்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. 11 டிபி ஏற்றியாகிவிட்டது, லாகில் ஒரு ரீசெட்கூட இல்லை. அந்த 57 இன்னும் 57-தான். அந்த அம்மாவுக்கு நேற்று பென்டிரைவில் காப்பி கொடுத்து அனுப்பினேன்.